பெனிட்டாவின் முழங்கால்

பதினொன்றாம் வகுப்பு பெனிட்டாவைப் பள்ளியின் கால்பந்து அணியிலிருந்து நீக்கியபோது அவளுக்கு எந்தக் காயமும் இல்லை. முந்தின நாள்தான் வியாசர்பாடி மைதானத்தில் இரண்டு கோல் போட்டிருந்தாள். ஆனால் மாவட்டப் போட்டிக்கு முன்பு எல்லாப் பெண்களையும் சோதித்த இயந்திரம், இரண்டு வருடத்துக்குள் அவளுடைய வலது முழங்காலில் தசைநார் கிழியும் என்று சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லப்பட்டவர்களை ஆடவிட எந்தப் பள்ளிக்கும் அனுமதி கிடையாது.

“இப்போ பாருங்க மிஸ்!” பெனிட்டா கோச் முன்னால் ஓடினாள், குதித்தாள், வலது காலில் மட்டும் நின்று காட்டினாள்.

கோச் அவளைப் பார்க்காமல் பந்துகளைப் பைக்குள் போட்டார். “உனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்டி. ஆனா உன்னை இறக்கினா மொத்த டீமையும் வெளியே அனுப்பிடுவாங்க.”

சாயங்காலங்களில் தோழிகள் அவளைச் சும்மா ஆடக் கூப்பிட்டார்கள். பந்து அவள் காலுக்கு வந்தால், மோதிவிடுவோமோ என்று பயந்து எல்லோரும் ஒதுங்கினார்கள். தடுக்க ஆளில்லாமல் கோல் போட்டு அலுத்து, அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள், வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கப் பழகியிருந்தாள்.

“வலிக்குதாடி?” என்று அம்மா கேட்டாள்.

“இன்னும் இல்லம்மா.”