நேர்மையான மெஷின்

"இன்னிக்கு வந்தவங்க: நான், நீங்க, அந்தப் பல்லி. அவ்வளவுதானா மனோங்?" என்று கேட்டபடி ரோடலின் ஹெட்போனைக் கழற்றினாள்.

"பல்லியைச் சேர்க்காத. அதுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்," என்றான் டெல்ஃபின்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். ஆஸ்திரேலியா போகத் துடிக்கும் நர்ஸ்கள், கம்ப்யூட்டரிடம் பேசி மார்க் வாங்கும் பரீட்சைக்கு அங்கேதான் பழகுவார்கள். அதை நடத்தும் டெல்ஃபினை எல்லோரும் மனோங் என்பார்கள். அண்ணன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஜனவரியில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பாஸாகி விமானம் ஏறினார்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஒரு போட்டோ வரும். அதற்குப் பிறகு எதுவும் வராது. இப்போது ரோடலின் மட்டும் மிச்சம்.

"ஐம்பத்தெட்டு," என்றாள் திரையைப் பார்த்து. "காலைல போன்ல இதே பத்தியைப் படிச்சேன், எழுபத்தொன்பது. தங்கச்சி லேப்டாப்புல எழுபத்திரண்டு. இருக்கறது ஒரு வாய்தானே மனோங்?"

"வாய் ஒண்ணுதான். காது வேற வேற. ஒண்ணு நீ எங்க நிறுத்தறேன்னு பாக்கும். ஒண்ணு உச்சரிப்பைப் பாக்கும். போன்ல இருக்கறது தாராளப் பிரபு. கம்மியாப் போட்டா மறுநாள் நீ அதைத் திறக்க மாட்டியே."

"அப்ப இது?"

"இதுக்கு உன்கிட்ட எதுவும் வேண்டாம்."

அந்த மாடியில் பழகிய அத்தனை பேரும் நம்பியது அதைத்தான். எது குறைத்துப் போடுகிறதோ அதுதான் நேர்மையான மெஷின்.

"பாதி வார்த்தையை நான் சொல்லவே இல்லைங்குது, பாருங்க."

"கடைசி எழுத்தை முழுங்கற."

"நானா? எங்க வார்டுல காது கேக்காத கிழவர்கூட, கத்தாதேம்மாங்கறார்."

தேவை அறுபத்தைந்து. பரீட்சை செவ்வாய்க்கிழமை. தேதியை மாற்ற இன்று மாலை ஐந்து மணிவரைதான் அவகாசம். தள்ளிப்போட்டால் பெர்த் ஆஸ்பத்திரி ஆறு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்புத் தரும். எழுதித் தோற்றால் தரவே தராது. அவள் கணவன் ஹோவன் இரண்டு வருடமாக அங்கே இருக்கிறான்.

"ஹோவன் என்ன சொல்றான்?"

"தைரியமா எழுதுங்கறான். நேத்து டின் மீனைத் திறந்து நின்னுக்கிட்டே சாப்பிட்டான். போனைச் சுவத்துல சாய்ச்சு வச்சு, என்னைப் பாத்துக்கிட்டே."

டெல்ஃபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்த ஓரத்துக் கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பேசிப் பாக்கட்டுமா?"

"அது ரிப்பேர்."

"நேத்து ஓடுச்சே?"

"இன்னிக்கு ஓடல."

அவள் நாற்காலியைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"மெஷினை விடுங்க. தினமும் நான் பேசறதைக் கேக்கறது நீங்கதான். நீங்க சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை போகலாமா?"

அவன் திரையிலிருந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தான். மெஷினாக இருந்தால் அந்தத் தாமதத்துக்கே பத்து மார்க் குறைத்திருக்கும்.

"ஐம்பத்தெட்டை வச்சுக்கிட்டு எப்படிப் போகச் சொல்றது?" என்றான்.

அவள் தலையாட்டினாள். போனை எடுத்துத் தேதியைத் தள்ளிவைத்தாள். ஹோவனுக்கு ஏதோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் அனுப்பாமலே போனைப் பைக்குள் போட்டுவிட்டு, இலையில் சுற்றிய பிபிங்கா அரிசிக் கேக்கை எடுத்து அவன் மேஜையில் வைத்தாள்.

"ஆறிப்போச்சு. இருந்தாலும் சாப்பிடுங்க. நல்லவேளை உங்களைக் கேட்டேன். திங்கட்கிழமை வரேன் மனோங்."

"வா. மெதுவா இறங்கு, படி ஈரம்."

அவள் செருப்புச் சத்தம் தெருவில் கரையும்வரை காத்திருந்தான். பிறகு அவள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டருக்குப் போய், தினமும் அவள் வருவதற்கு முன்னால் கால்வாசிக்கு இறக்கிவைக்கும் மைக்கின் ஒலியளவை முழுதாக ஏற்றிவிட்டு, விளக்கை அணைத்து வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினான்.