சுளுக்கு

“போதுமா பாரு” என்று தையல்காரர் மாவுச் சட்டியை மனைவி பக்கம் தள்ளினார்.

“போதுங்க. போய்க் கையக் கழுவிட்டு வாங்க.”

அவள் சட்டியைப் பார்க்கக்கூட இல்லை. ரொட்டி டின்னுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். தினமும் சொல்கிற பதில்தான்.

அவர் எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனார். வலது கால் செருப்பு தரையில் இழுபட்டது. சரக்... சரக்...

சத்தம் கதவைத் தாண்டும் வரை காத்திருந்துவிட்டு, அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள்.

மணிக்கட்டுக்கு ஒரு கேடும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

மழை ஆரம்பிக்கிற சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், கால் சீக்கிரம் தேறிவிடும், கைதான் நாளாகும், அதற்கு விடாமல் வேலை கொடுங்கள் என்று சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பந்து விளையாடுகிற வயசா எனக்கு என்று அவர் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

கத்தரிக்கோலை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். வெட்டிய துணி எலி கடித்தது போல இருந்தது. அன்று கடையை இழுத்துச் சாத்தியவர்தான். அதன்பிறகு யாராவது கடைப் பேச்சை எடுத்தாலே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படியே விட்டால் மனிதர் கை வைத்துக்கொண்டே கை இல்லாதவராகிவிடுவார் என்று அவளுக்குப் பகீரென்றது.

அதனால் ஒரு பொய் சொன்னாள். மணிக்கட்டில் சுளுக்கு, மாவு பிசைய முடியவில்லை, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்கள்.

பந்து என்றதும் பொத்துக்கொண்டு வந்த ரோஷம், மாவு என்றபோது வரவில்லை. பெண்டாட்டிக்கு வலிக்கிறதாமே.

ஆனால் அவர் பிசைந்த மாவை அப்படியே ஓவனில் வைத்தால், வெளியே வருவதை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். ஒருநாள் அப்படி ரொட்டி வந்துவிட்டால் போதும், மறுநாள் மாவுச் சட்டியும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆகவே அவர் கை கழுவப் போன சமயம் பார்த்து அவள் அவசர அவசரமாக மறுபடி பிசைந்து வைப்பாள். ரொட்டி பூப்போல வரும். சாப்பிடும்போது “உங்க கைராசி” என்று வாய் கூசாமல் புளுகுவாள். அவர் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்வார்.

நல்லவேளை, அவர் கை கழுவ ஒரு யுகமாகும். திரும்பி வரும்போதும் அந்தச் செருப்புச் சத்தம் முன்னால் வந்து தகவல் சொல்லிவிடும். சரக் என்றதும் கட்டைச் சுற்றிக்கொள்வாள்.

ஒருநாள் பதற்றத்தில் கையை மாற்றிக் கட்டிவிட்டாள். எதிர்ச்சாரியில் போகிறவன் சட்டைக் காலர் கோணியிருந்தால் இங்கிருந்தே முகம் சுளிக்கிற மனிதர், அன்று அதைக் கவனிக்கவில்லை. தப்பித்தோமடா சாமி என்று நினைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சீக்கிரம் தேறும் என்ற காலே இந்த லட்சணத்தில் இழுத்தால், கை என்றைக்குத் தேறுவது? பக்கத்து வீட்டுக்காரி வேறு, உங்கள் வீட்டுக்காரர் தெருக்கோடி வரை கையை வீசி நடக்கிறாரே என்றாள். பாவம், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று இவள் தலையாட்டி வைத்தாள்.

இன்றும் துணிக்கட்டை மேஜைமேல் போட்டுவிட்டுச் சட்டியை இழுத்தாள். உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

மாவு அவள் கையைத் திருப்பித் தள்ளியது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி தள்ளியது.

ஒரு கிள்ளு எடுத்து, விரல்களால் விரித்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அவர் பிசைந்த மாவு விரித்த உடனே கிழிந்துவிடும். இன்று கிழியவில்லை. மெல்லிசுத் துணி மாதிரி விரிந்துகொண்டே போனது. அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

செய்ய ஒரு வேலையும் இல்லாமல் அப்படியே நின்றாள்.

“இன்னிக்கு நீ பிசைய வேண்டியிருக்காது. கத்தரிக்கோல எங்க வச்ச?”

குரல் முதுகுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் கேட்டது.

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். கட்டு மேஜைமேல் கிடந்தது. எடுத்துச் சுற்றலாமென்றால் எந்தக் கையில் என்றே ஓடவில்லை.

அப்புறம்தான் அவர் காலைப் பார்த்தாள். செருப்பு இரண்டும் காலில்தான் இருந்தன. குழாயடியிலிருந்து இங்கே வரைக்கும் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து வந்திருக்கிறார்.

அவர் அந்தக் கட்டை எடுத்தார். அளவு நாடாவைச் சுருட்டுகிற மாதிரி, வலது கையாலேயே மெதுவாகச் சுருட்டி அவளிடம் நீட்டினார்.

இத்தனை நாளும் அந்தக் கால் யாருக்காக இழுத்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கிக்கொண்டாள். அலமாரியின் மேல்தட்டைக் கையால் காட்டினாள்.

அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குத் திரும்பினார். நாலு எட்டு நன்றாகத்தான் வைத்தார். நிலைப்படியில் நின்று, அவளை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே வலது காலை இழுத்தார்.

சரக்.