இரண்டாவது டிஸ்க்கின் பொட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள் இது என்று மேலாளர் ஸ்ரீராமன் நோட்டீஸ் போர்டில் அறிவித்திருந்தார். விஷயம் வேறொன்றுமில்லை. பதினொரு வயதான சர்வருக்கு இரண்டாவது டிஸ்க் போடுகிறார்கள். ஒன்று செத்தாலும் அதே சங்கதிகளோடு இன்னொன்று இருக்கும்.

வேலை ஜோஷ்வாவுடையது. ஒழுங்காக முடிந்தால்தான் அவனுடைய பராமரிப்பு ஒப்பந்தம் நீடிக்கும்.

பழைய டிஸ்க்கின் முகப்பில் ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்து கிடந்தது. வைத்தவர் பிரஸ் ஆபரேட்டர் வரதன். கட்டைவிரல் நுனியை மிஷினுக்குக் கொடுத்தவர், அதனால் அவர் பொட்டு எப்போதும் பாதி நிலாதான். தை மாதம் இறந்துபோனார்.

ஜோஷ்வா உறையைப் பிரித்துப் புது டிஸ்க்கைச் செருகினான். வெளியே வந்து சர்வர் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பழையதில் இருப்பதெல்லாம் புதியதில் நகலாகி முடிவதற்குள் ஸ்ரீராமன் பதினேழு தடவை "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

முடிந்ததும், "எதுப்பா புதுசு? காட்டு" என்றார்.

உருவிக் காட்டினான். அதன் முகப்பிலும் பாதி நிலா. தொட்டால் குங்குமம் விரலில் ஈரமாக ஒட்டியது.

"என்னய்யா, நடுவுல பூஜை வேறயா?"

"சார், நான் சர்ச்சுக்குப் போறவன். சாவி எங்கைலதான் இருந்துச்சு. இது வரதன் அண்ணன் விரலு சார், நல்லா பாருங்க. பேஜாரு பண்ணாதீங்க!"

ஸ்ரீராமன் நன்றாகவே பார்த்தார். பிறகு வாரண்டி அட்டையை எடுத்துக் கடைசி வரிவரை படித்தார்.

ஈரம் பட்ட டிஸ்க்குக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.