ஜெபக்கனி சிஸ்டரின் குரல்

ஜெபக்கனி சிஸ்டர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று வருடங்கள், அவர் வார்டில் பேசியதையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பதிவு செய்துகொண்டார்கள். அவர் பார்த்த நோயாளிகள் யாரும் குறை சொன்னதே இல்லையாம். இப்போது அந்த நாகர்கோவில் ஆஸ்பத்திரியின் எல்லாக் கட்டில்களும் அந்தப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு அவர் குரலில்தான் பேசுகின்றன. வார்டில் நர்ஸ் என்று ஒருவரும் இல்லை.

பித்தப்பைக் கல்லுக்காக அவரே அங்கு வந்து படுத்தபோது மகள் ஷெர்லி சிரித்தாள். "இனி ஒங்கள நீங்களே பாத்துக்கிடணும்மா."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாளும் கட்டில், "அம்மா, வலிக்கா? திரும்பிப் படுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"எல்லாம் நார்மல் சிஸ்டர். நாளைக்கு வீட்டுக்குப் போலாம்."

அவர் போனதும் கட்டில் மெல்லக் கேட்டது: "மக்கா, தலமாட்ட கொஞ்சம் ஒசத்தட்டா?"

ஜெபக்கனி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். முப்பத்தைந்து வருட வேலையில் நோயாளிகளை ஐயா, அம்மா என்றுதான் அவர் கூப்பிட்டார். இனி பிழைக்கமாட்டார் என்று மனதுக்குப் பட்டவரை மட்டும், எண்பது வயதானாலும், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மக்கா என்பார். ஒருதடவைகூட அது தப்பியதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை.

ஷெர்லி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ஆட்டோவுக்குச் சொல்லட்டாம்மா?"

"அது கெடக்கட்டும். பெங்களூர்லேருந்து அண்ணன இன்னைக்கே பொறப்பட்டு வரச் சொல்லு."