குருவியின் குதிரைகள்

“பேரு தப்பா இருக்கு சார். மாத்திக் குடுங்க” என்று அந்த அம்மாள் பழைய படக்கதைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்த புத்தகம். உறையின் மேல் ஓரத்தில் ஒட்டிய லேபிளில், தர மதிப்பெண்ணுக்குக் கீழே, ‘ஓவியம்: குருவி’ என்றிருந்தது.

அந்த லேபிளை எழுதியவரே எதிரில் உட்கார்ந்திருந்தார். பழைய படக்கதைகளுக்கு மதிப்பெண் போடும் அந்த ஆபீசில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அடுத்தவர் தப்பைப் பெரிசாக்கிப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

“யார் பேரைப் போடணுமாம்?”

“தூரிகைச் சக்கரவர்த்தி பேரை.”

பூதக்கண்ணாடி மூக்கால் சிரித்தார். வாரத்துக்கு நாலு பேர் இப்படி வருவார்கள். பேர்போன ஓவியரான சக்கரவர்த்தியின் பெயர் ஏறினால் புத்தகத்தின் விலையும் ஏறுமே.

“ஏம்மா, சீல் வைக்கறதுக்கு முன்னாடி முப்பத்திரண்டு பக்கமும் பார்த்தவன் நான். எது யார் கோடுன்னு தெரியாமலா இங்க உட்கார்ந்திருக்கேன்?”

“பதிப்பகத்துலயே சொல்றாங்க சார். குருவி வெறும் எடுபிடியாம். மை கரைச்சுக் குடுத்ததோட சரியாம்.”

“எந்த மண்டூகம் சொல்லுச்சு?” அவருக்குச் சுர்ரென்று ஏறியது. “அட்டையில குதிரையைப் பாருங்க. நாலு குளம்பும் தெரியுதா? உங்க சக்கரவர்த்திக்குக் குளம்பு வரையவே வராது. அவர் குதிரை ஓடினாலும் புழுதி, சும்மா நின்னாலும் புழுதி. காலை மறைக்கணுமே.”

“ஓ.”

“நிழல் கோடு எந்தப் பக்கம் சாயுது? இது இடது கைக்காரன் போட்டது. சக்கரவர்த்திக்கு வலது கை. இதுகூடத் தெரியாம கிளம்பி வந்துடறீங்க.”

“அப்ப மாத்த மாட்டீங்க?”

“நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் மாத்த மாட்டேன்.”

“சரி சார். அதையே எழுதிக் குடுத்துடுங்க.”

அது ஆபீஸ் விதி. யார் வரைந்தது என்று சான்று கேட்டு வந்தால் ஒரு வரிகூட எழுதித் தரமாட்டார்கள். லேபிளே போதும் என்பார்கள். திருத்தம் கேட்டு, அதை மறுத்தால் மட்டும் காரணத்தோடு கடிதம் தந்தாக வேண்டும்.

பூதக்கண்ணாடி கடிதத்தை ரசித்து ரசித்துத் தட்டினார். மடையனுக்கும் புரிகிற மாதிரி, பக்க எண் போட்டு, குளம்பு குளம்பாக.

“இடது கையையும் சேர்த்துடுங்க சார்.”

“அதெல்லாம் நீங்க சொல்லித் தர வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அதையும் சேர்த்தார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, காகிதத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

அந்த அம்மாள் நின்றபடியே அதை இரண்டு தரம் படித்தார். மடிக்காமல் ஒரு கோப்புக்குள் வைத்தார்.

“மாத்த முடியாதுங்கிற கடிதத்துக்கா இவ்வளவு பத்திரம்?”

“பதிப்பகத்துல காட்டணும் சார். இந்தக் கதையெல்லாம் சேர்த்துத் தொகுப்பாப் போடறாங்க, சக்கரவர்த்தி பேர்ல. லேபிளைக் காட்டினேன். அது தப்பா ஒட்டினதுன்னு துரத்திட்டாங்க.”

“நீங்களும் அதைத்தானே சொன்னீங்க?”

அந்த அம்மாள் கதவருகே போய்த் திரும்பினார்.

“குருவி என் வீட்டுக்காரர் சார்.”