பின்னால் நின்று தூக்குகிறவன்

ரக்பி ஆட்டம் முடிய இன்னும் நாலு நிமிஷம்தான். பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டதால், வெளியிலிருந்து எறியும் பந்தை எழும்பிப் பிடிக்கிற லைன்அவுட்டுக்காக இரண்டு அணிகளும் பக்கத்துப் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. மழைக்குளிரில் எல்லார் மூச்சும் புகைகிறது. தம்பியின் முதுகுக்குப் பின்னால் அண்ணன் நிற்கிறான். தம்பி எழும்பும்போது தொடையைப் பிடித்து மேலே ஏற்றி, பந்தோடு பத்திரமாக இறக்கிவிடுவது ஏழு வருஷமாக அவன் வேலை. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கை வழுக்கியது. தம்பியின் தோள் எலும்பு முறிந்த சத்தம் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

பந்தை யாருக்கு எறிய வேண்டும் என்று சொல்வதும் தம்பிதான். இன்று ஒன்பது தடவையும் முன்னால் நிற்கிற நெட்டையனுக்கே சொன்னான்.

"இந்தத் தடவை உனக்கே எறியச் சொல்லுடா," என்கிறான் அண்ணன், கெஞ்சுவது வெளியே தெரியாத குரலில்.

தம்பி திரும்பவில்லை. "நீ சும்மா தூக்குற மாதிரி கைய வைண்ணே. அவங்க ஏமாந்தா போதும்."

பிறகு நெட்டையனுக்கான ரகசிய எண்ணைக் கத்துகிறான். எதிரணி ஏமாறவில்லை. அவர்கள் ஆள் முந்தி எழும்பிப் பந்தைப் பறித்துக்கொள்ள, எல்லாரும் அதன் பின்னாலேயே ஓடுகிறார்கள். அண்ணன் ஏந்திய கை ஏந்தியபடி நின்று, ஓடுகிற தம்பியைப் பார்க்கிறான். சட்டை, முழங்கால், காது மடல் வரைக்கும் சேறு. பிடிப்பதற்கு வாகாகக் காலையில் அண்ணனே சுற்றிவிட்ட தொடை டேப்பின் பின்பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை.