காலை எட்டு மணி அழுகை

மிச்சம் வைத்திருந்த நான்காவது கட்டத்தில் இரண்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

ஐந்துக்கு இரண்டு.

எதிர் நாற்காலியின் நுனியில், அவள் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

குழந்தை கூடத்துத் தரையில் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால் வயது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த அப்ரைசல். அலுவலகத்தில் பதினொரு பேருக்கு அவள்தான் மதிப்பெண் போடுகிறாள். வீட்டுக்கும் அதே படிவம். தலைப்புகளை மட்டும் மாற்றித் தமிழில் அடித்திருந்தாள். சாப்பாடு. தூக்கம். சுத்தம். தகவல் சொல்லுதல். கடைசியில், போன முறை கொடுத்த இலக்கு.

எழுதி முடித்ததைப் படம் எடுத்து ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும். ஏதாவது ஒரு கட்டத்தில் மூன்றுக்குக் கீழே இருந்தால் போதும். ஆளை மாற்றித் தருவார்கள்.

ஜெயக்கொடிக்கும் அது தெரியும்.

தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள்.

ஜெயக்கொடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் மூன்று ஐந்துகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துலகூட எனக்கு யாரும் இவ்ளோ மார்க் போட்டதில்ல மேடம்."

விரல் நான்காவது கட்டத்தில் நின்றது.

"இதுக்கு ஏன் ரெண்டு?"

"தினமும் சொல்லாமக் கிளம்பிடறீங்கக்கா. நான் மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள ஆளக் காணோம்."

ஜெயக்கொடி முந்தானையை மறுபடி கையில் எடுத்தாள்.

மாலை ஆறரைக்குக் குழந்தையின் அம்மா அலுவலகத்திலிருந்து திரும்புவாள். அவள் குளியலறைக் கதவைச் சாத்தியதும் ஜெயக்கொடி போய்விடுவாள். சமையலறைப் பின்கதவு. இரும்புப் படிக்கட்டு. சத்தம் வராமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவாள். ஒரு நாள் அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

மறுநாள் குழந்தையின் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஜெயக்கொடியின் விரல் கடைசி வரிக்கு இறங்கியது.

போன முறை ஜெயக்கொடிக்கு அம்மா எழுதிக் கொடுத்த இலக்கு. காலை எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது குழந்தை அழக் கூடாது.

அப்போதெல்லாம் தினமும் அழும். கேட் வரை கேட்கும். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிய பிறகும் கேட்கும்.

இப்போது அழுவதில்லை. நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை.

அதற்கு ஐந்து போட்டிருந்தாள். முதலில் போட்டது அதைத்தான்.

"சொல்லிட்டுத்தான் போவணுமா மேடம்?"

"ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

ஜெயக்கொடி குழந்தையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழாக ஐந்து நிமிடம்.

"சரி, இன்னிக்கே சொல்லிட்டுப் போறேன். பாத்துட்டு அனுப்புங்க."

எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பின்பக்கம் கிடந்த செருப்பை எடுத்துவந்து முன்வாசலில் போட்டுக் காலில் மாட்டினாள். அங்கிருந்தே குனிந்து கூப்பிட்டாள்.

"தங்கம். ஆயா போயிட்டு வரட்டா?"

குழந்தை நிமிர்ந்தது. பையைப் பார்த்தது. செருப்பைப் பார்த்தது.

டப்பாக்கள் சரிந்தன.

அந்த அழுகையை அம்மாவுக்குத் தெரியும். முதலில் சத்தமே வராது. வாய் மட்டும் திறந்திருக்கும். உதடு நடுங்கும். பிறகு ஒரேயடியாக வரும்.

மூன்று மாதமாக அவள் கேட்காத அழுகை.

அது நின்றுபோகவில்லை. மாலை ஏழு மணிக்கு மாறியிருந்தது.

குழந்தை ஓடிப்போய் ஜெயக்கொடியின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பழகிய கை. வலிக்காமல் பிரித்தது. தூக்கி அம்மாவிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுக்குத்தான் மேடம்," என்றாள். "உங்க முன்னாடி வேணாம்னு."

முன்படியில் செருப்புச் சத்தம் கீழே வரை கேட்டது.

குழந்தை வாசலை நோக்கியே கையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளில் தட்டினாள். மின்விசிறியைக் காட்டினாள். போனில் பாட்டு வைத்தாள். சாதத்தைத் துப்பிவிட்டது. விம்மி விம்மி, எட்டு மணிக்கு முன்பே தூங்கிப்போனது.

சட்டையின் தோள்பக்கம் நனைந்திருந்தது. மாற்றவில்லை.

தாள் மேஜையிலேயே கிடந்தது. பேனாவைத் திறந்தாள். இரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் ஐந்து என்று எழுதினாள். அடுத்த மூன்று மாத இலக்குக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதன் மேல் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

காலியாகவே படம் எடுத்து அனுப்பினாள்.

பதிலுக்கு ஏஜென்சியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

காலையில் ஜெயக்கொடி வந்தபோது சமையலறை மேடையில் வெள்ளிக் கிண்ணம் இருந்தது. அதை எடுத்தாள். கழுவி, இட்லியைப் பிட்டுப் போட்டாள்.

எட்டு மணி.

கூடத்தில் ஜெயக்கொடியின் மடியில் குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எதற்கோ சிரித்தது. முன்வாசலுக்குப் போக அவர்களைத் தாண்ட வேண்டும்.

அம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள். பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். இரும்புப் படி காலுக்குச் சில்லென்றிருந்தது.

அவள் போவதைக் குழந்தை பார்க்கவில்லை.

அதனால்தான் அழவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.